உளி பெற்ற பட்டம்

செங்கற்பட்டுச் சீமைக் கடற்கரையில் விளங்கும் மாமல்லபுரத்தை நீவிர் அறிவீர். பல்லவர் காலத்தில் அங்கே தழைத்த கற்சிற்பக் கலை, பிற்காலத்தில் தந்தையிடம் மைந்தன் பயிலும் குலத்தொழிலாய் நின்றது. மைந்தன் வேறு தொழில் நாடினால் கலை என்னாவது? இதனை உணர்ந்த அரசு, 1957இல் அவ்வூரில் சிற்பப் பயிற்சிக்கூடம் நிறுவியது. வைத்தியநாத ஸ்தபதி முதலில் அதனை நடத்தினார். பின்னர் அவர் மைந்தர் கணபதி ஸ்தபதி பொறுப்பேற்றார். அவர் முயற்சியால் சென்னைப் பல்கலைக்கழகம் இணைப்பு நல்கவே, பயிற்சி பட்டப்படிப்பாயிற்று. சிற்பியர் குலத்திற் பிறவாதாரும் உளி பிடித்தனர். குமரிமுனையில் 2000ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற 133 அடி வள்ளுவர் சிலை, அக்கணபதி ஸ்தபதி உருவாக்கியதே. அத்தகு பணிக்கு வேண்டும் கைகள் ஒரு நாளில் வாரா. நாளைய தேவையை அரசு முன்னுணர்தல் வேண்டும். பல்கலைக்கழகம் அதற்குத் துணைநிற்றல் வேண்டும். நெடுநாள் கற்பித்தவன் என்னும் உரிமையால் இதனை வலியுறுத்துகிறேன்.