கேள்வி கேட்கச் சொன்ன வாத்தியார்

எங்கள் கோட்டுச்சேரிமேட்டிலிருந்து காலேஜுக்குப் புறப்படும் பையனுக்கு வீட்டில் ஒரு புத்திமதி தவறாமல் கிடைக்கும்: "வாத்தியாரை எதிர்த்துப் பேசாதே!" கேள்வி கேட்பதும் எதிர்த்துப் பேசுவதும் பெரியவர்களுக்கு ஒன்றுதான். இரண்டும் வேறு என்று நம்பிய வாத்தியார் ஒருவர் கல்கத்தாவில் இருந்தார். அவர் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

பெயர் ஹென்றி டெரோஸியோ. ஆங்கிலோ-இந்தியர், கவி. 1826-ல் ஹிந்து காலேஜில் உபாத்தியாயராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது 17. பிள்ளைகளில் பலர் அவருக்கு நாலைந்து வயதுதான் இளையவர்கள்.

பாடத்தை ஒப்பிக்கச் சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொள்ளும் ரகமல்ல அவர். கடவுள் உண்டா என்ற விவாதம் வந்தால், ஹ்யூம் எழுப்பிய சந்தேகங்களையும் எடுத்து வைப்பார். அவற்றுக்கு ரீடும் டுகால்ட் ஸ்டூவர்ட்டும் சொன்ன பதில்களையும் எடுத்து வைப்பார். முடிவு கட்டுவது பிள்ளைகள் பாடு. வகுப்பில் தீராத பேச்சு, 1828 முதல் அகாடமிக் அஸோஸியேஷன் என்ற சங்கத்தில் தொடர்ந்தது. மாணிக்தலாவில் ஒரு தோட்ட வீட்டில் கூடி விதி, விக்கிரக ஆராதனை என்று எதையும் விடாமல் அலசினார்கள்.

பெற்றோர் பதறினார்கள். பதறாமல் என்ன செய்வார்கள்? பூஜையில் உட்கார்ந்த பையன்கள் மந்திரத்துக்குப் பதில் ஹோமரின் வரிகளைச் சொன்னார்களாம்!

1831 ஏப்ரல் 23-ந் தேதி நிர்வாகக் கமிட்டி கூடியது. இவர் பாடம் சொல்லத் தகுதியற்றவரா என்ற கேள்விக்குப் பெரும்பாலோர் 'ஆம்' என்று சொல்லவில்லை. உடனே கேள்வியை மாற்றினார்கள். ஹிந்து சமூகத்தின் அப்போதைய மனநிலையில் இவரை நீக்குவது உசிதமா? அதற்குத்தான் 'ஆம்' கிடைத்தது. வில்ஸன், டேவிட் ஹேர் இருவரும் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை விசாரித்தவர் இல்லை. கேள்வி கேட்கச் சொல்லிக் கொடுத்தவரிடம் கேட்க அவர்களுக்கு ஒரு கேள்விகூட இல்லை!

டெரோஸியோ ராஜிநாமா செய்தார். வில்ஸன் விளக்கம் கேட்டபோது, தாம் இரு பக்கத்தையும் காட்டியதாக எழுதினார். சிலர் நாஸ்திகரானதற்குத் தம்மேல் பழியென்றால், ஆஸ்திகராக நிலைத்தவர்களுக்காகப் புகழும் தமக்குச் சேரவேண்டுமே என்றார். தகப்பனாரோடு மனஸ்தாபப்பட்டுத் தனி வீடு பார்த்த மாணவனை, வீட்டை விட்டுப் போகவேண்டாம் என்று தடுத்தவரும் அவர்தான்.

அவ்வருஷம் ஆகஸ்டில் சில சிஷ்யப் பிள்ளைகள் அண்டை வீட்டில் மாட்டெலும்பை எறிந்து ஊரைக் கலக்கினார்கள். அதை நான் சீர்திருத்தமென்று சொல்லமாட்டேன், விடலைத்தனம்தான். டிசம்பர் 26-ந் தேதி காலரா டெரோஸியோவைக் கொண்டுபோயிற்று. வயது 22.

அவரிடம் படித்த ராதாநாத் சிக்தார் சர்வே இலாகாவில் சேர்ந்தார். இருபது வருஷங்களுக்குப் பிறகு, அதுவரை பெயரில்லாமல் வெறும் எண்ணாக இருந்த ஓர் இமயச் சிகரத்தின் உயரத்தைக் கணக்கிட்டார். 29,002 அடி. எவரெஸ்ட் என்று பிறகு பெயர் வைத்தார்கள்.