இரண்டு செம்மறிகளில் பிறந்த திருவிழா

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், மேற்கு மலைப்பக்கம் இருக்கும் ஊர் பிட்ஸ்ஃபீல்டு. 1807ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், அந்த ஊரின் பொதுவெளியில் ஓங்கி நின்ற எல்ம் மரத்தடிக்கு ஒருவர் இரண்டு செம்மறி ஆடுகளை ஓட்டிவந்தார். விற்பதற்காக இல்லை, ஊரார் பார்க்கட்டும் என்றுதான். இன்று கோடை முடியும் நாட்களில் அமெரிக்கக் கிராமத்துக் குடும்பங்கள் பிள்ளைகுட்டிகளோடு கிளம்பிப் போகிற ‘கவுண்டி ஃபேர்’ என்னும் வட்டாரக் கண்காட்சிக்கு வித்து அந்த மரத்தடியில்தான் விழுந்தது.

ஆடுகளைக் கொண்டுவந்தவர் எல்கானா வாட்சன். 1758இல் அதே மாநிலத்தின் பிளிமத்தில் பிறந்தவர். சிறுவயதிலேயே ஒரு வணிகரிடம் வேலைக்குச் சேர்ந்தார். விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த 1779இல், பிரான்சிலிருந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளினுக்குக் கடிதங்களைக் கொண்டுபோனார். அங்கே நான்ட் துறைமுகத்தில் வணிகம் செய்தார், நாடு திரும்பி நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில் வங்கி தொடங்குவதில் பங்கெடுத்தார், கால்வாய்கள் வெட்டவேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார். ஐம்பதை நெருங்கும்போது பிட்ஸ்ஃபீல்டில் பண்ணை வாங்கி உழவரானார்.

அவர் காட்டிய ஆடுகள் மெரினோ இனம். அதன் ரோமம் மிக மெல்லியது. உயர்ந்த கம்பளித் துணிக்கு ஏற்றது. ஸ்பெயின் அந்த இனத்தை நாட்டைவிட்டு வெளியே விடாமல் நெடுங்காலம் பொத்திக் காத்தது. 1802இல் பிரான்சிலிருந்து ராபர்ட் லிவிங்ஸ்டனும், ஸ்பெயினிலிருந்து டேவிட் ஹம்ஃப்ரீஸும் சில ஆடுகளைக் கொண்டுவந்த பிறகே அமெரிக்க மண்ணில் அது பெருகத் தொடங்கியது. அதுவரை நல்ல துணி என்றால் இங்கிலாந்திலிருந்து கப்பலில்தான் வரவேண்டும். 1807 டிசம்பரில் அமெரிக்க அரசு வெளிநாட்டு வணிகத்துக்குத் தடை போட்டதும் அந்த வரத்து சுருங்கியது. உள்ளூர்க் கம்பளிக்கு மதிப்பு ஏறியது.

வாட்சன் எதிர்பார்க்காத கூட்டம் மரத்தடியில் சேர்ந்தது. உழவர்கள் வந்தார்கள், பெண்களும் வந்தார்கள். இரண்டே ஆடுகளுக்கு இவ்வளவு ஆர்வம் என்றால், ஊரிலுள்ள நல்ல கால்நடைகளையெல்லாம் ஓரிடத்தில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று அப்போதே தனக்குத் தோன்றியதாக அவர் பின்னாளில் எழுதினார்.

வேளாண்மையை வளர்க்கும் சங்கங்கள் அமெரிக்காவில் முன்பே இருந்தன. பிலடெல்பியாவில் 1785லேயே ஒன்று தொடங்கப்பட்டது. ஆனால் அவை படித்தவர்கள், வசதியுள்ளவர்கள் கூடிக் கட்டுரை வாசிக்கும் அவைகள். காலையில் பால் கறந்து, பகலெல்லாம் உழுகிறவனுக்கு அங்கே வேலையில்லை. அச்சடித்த அறிவுரையை அவன் நம்பவும் இல்லை. பக்கத்துப் பண்ணைக்காரனின் காளை தன் காளையைவிடக் கொழுத்திருப்பதைக் கண்ணால் பார்த்தால் மட்டும் அவனுக்கு இரவில் தூக்கம் வராது. மறுநாளே போய், என்ன தீனி போடுகிறாய் என்று கேட்பான். வாட்சன் கண்டுகொண்டது இந்த மனத்தைத்தான்.

1810 அக்டோபரில் அக்கம்பக்கத்து உழவர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு, பிட்ஸ்ஃபீல்டு அடங்கிய வட்டாரத்தின் பெயரில் பெர்க்‌ஷர் கால்நடைக் காட்சியை நடத்தினார். அடுத்த ஆண்டு பெர்க்‌ஷர் வேளாண் சங்கம் முறைப்படி அமைந்தது. வாட்சன் அதன் தலைவர். 1811ஆம் ஆண்டுக் காட்சியை அவர் திருவிழாவாகவே ஆக்கினார். வாத்தியக்குழு வந்தது; இணை இணையாகச் சங்கிலியில் பூட்டிய எருதுகள் ஒரே கலப்பையை இழுத்துவர, கலப்பையைப் பிடித்துவந்தவர்கள் அந்தப் பகுதியின் மூத்த உழவர்கள். சங்கத்தார் தொப்பியில் கோதுமைக் கதிரைச் செருகியிருந்தார்கள். சொற்பொழிவு, பரிசளிப்பு எல்லாம் உண்டு. உழுகிறவன் ஊர்வலத்தின் தலையில் நடந்த நாள் அது.

ஆனாலும் அது இன்னும் ஆண்களின் விழாதான். குடும்ப விழாவாக மாறியது 1813இல். வீட்டில் நூற்று நெய்த துணிகளுக்கும் பரிசு என்று சங்கம் அறிவித்தது. அப்போது இங்கிலாந்தோடு போர். வீட்டுத் தறி இல்லாவிட்டால் உடுத்தத் துணி இல்லை. துணிகள் வந்து மண்டபம் நிறைந்தது. ஆனால் அவற்றை நெய்த பெண்கள் உள்ளே வரவில்லை. பொது இடத்தில் பேர் சொல்லி அழைக்க, எழுந்துபோய்ப் பரிசு வாங்குவது அவர்களுக்குப் பழக்கமில்லாத காரியம். வாட்சன் வீட்டுக்குப் போய்த் தன் மனைவியை அழைத்துவந்து மண்டபத்தில் உட்காரவைத்தார். அந்த அம்மா துணிக்காட்சியில் காத்திருக்கிறார் என்று ஊருக்குள் ஆளனுப்பிச் சொல்லச் செய்தார். பெண்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள், மண்டபம் நிரம்பியது.

இந்தக் கதையில் என்னை மிகவும் தொடுகிற இடம் இதுதான். நூற்பதும் நெய்வதும் அதுவரை வீட்டுக்குள் நடந்து வீட்டுக்குள்ளேயே தீர்ந்துபோன வேலைகள். அவற்றைச் செய்த கைக்கு ஊரார் முன்னால் பேரும் பரிசும் கிடைத்தது. சந்தை எல்லா நாட்டிலும் இருக்கிறது. கால்நடைக் காட்சிகள் இங்கிலாந்திலும் இருந்தன. கவுண்டி ஃபேருக்குத் தனி முகம் கொடுத்தது இந்தப் பரிசு மேசை. அந்த எல்ம் மரத்தையே வெட்டவந்தபோது, கோடரிக்கு முன்னால் போய் நின்று காப்பாற்றியவர் லுக்ரீஷியா வில்லியம்ஸ் என்ற பெண்மணி என்று பிட்ஸ்ஃபீல்டில் வழிவழியாகச் சொல்கிறார்கள். மரம் 1864 வரை நின்றது.

பெர்க்‌ஷரைப் பார்த்து மற்ற வட்டாரங்களும் கிளம்பின. 1819இல் நியூயார்க் மாநிலம் வட்டார வேளாண் சங்கங்களுக்கு ஆண்டுக்கு 10,000 டாலர் ஒதுக்கியது. அரசுப்பணம் நின்றதும் பல காட்சிகள் படுத்துவிட்டன. பிறகு மீண்டும் எழுந்தன. 1841இல் சிரக்யூஸ் நகரில் நியூயார்க்கின் முதல் மாநிலக் கண்காட்சி நடந்தது. 1859இல் விஸ்கான்சின் மாநிலக் கண்காட்சியில் ஆபிரகாம் லிங்கன் பேசினார். அதிபராகத் தேர்ந்தெடுக்கப்படுவதற்கு முந்தைய ஆண்டு அது. இத்தகைய காட்சிகள் மக்களை ஒருவரோடொருவர் பழகவைக்கின்றன என்பதை அவர் தம் உரையின் தொடக்கத்திலேயே சொன்னார்.

ராட்டினம் வந்தது மிகவும் பிந்தி. 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் ஜார்ஜ் ஃபெரிஸ் நிறுத்திய மாபெரும் சக்கரத்தில் ஏறிய பாலம் கட்டும் தொழிலாளி வில்லியம் சல்லிவன், ஊர் ஊராகக் கழற்றிக் கொண்டுபோகத்தக்க சிறிய சக்கரத்தை உருவாக்கினார். 1900இல் இல்லினாயின் ஜாக்சன்வில்லில் அது சுற்றியது. அதன் பிறகு ராட்டினமும் பஞ்சுமிட்டாயும் இல்லாமல் கவுண்டி ஃபேர் இல்லை என்றானது.

பிள்ளைகளுக்கான இடம் 1902இல் பிறந்தது. ஒஹாயோவின் கிளார்க் வட்டாரத்தில், ஆல்பர்ட் கிரஹாம் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர் கிராமத்துச் சிறுவர் சிறுமியருக்காக ஒரு மன்றம் தொடங்கினார். அந்த மாதிரி மன்றங்கள் வளர்ந்துதான் ‘ஃபோர் ஹெச்’ இயக்கமானது. இன்று கால்நடைக் கொட்டகைகளில் நிற்கும் பிள்ளைகளில் பலர் அதைச் சேர்ந்தவர்கள்.

அந்தக் கொட்டகையில் சற்று நின்று பாருங்கள். பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுமி தன் ஆட்டின் நான்கு கால்களையும் சதுரமாக ஊன்றவைத்து, தலையை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு, கண்ணை நடுவரிடமிருந்து எடுக்காமல் நிற்பாள். நடுவர் ஆட்டின் முதுகெலும்பின் இருபுறமும் விரலால் அழுத்திச் சதைப்பிடிப்பைப் பார்ப்பார். என்ன தீனி, என்ன எடை என்று கேட்பார். அவள் தடுமாறாமல் சொல்லவேண்டும். இறைச்சிக்கு வளர்த்த ஆடு என்றால் கண்காட்சி முடியும்போது ஏலத்துக்குப் போகும். உள்ளூர்க் கடைக்காரர்கள் சந்தை விலைக்கு மேலேயே கேட்டு எடுப்பார்கள். பணத்தைக் கையில் வாங்கிய பிள்ளை ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுவதும் உண்டு.

அடுத்த கூடத்தில் கண்ணாடிப் புட்டிகளில் ஜாமும் ஊறுகாயும் பீச் பழமும் வரிசையாக இருக்கும். நடுவர் மூடியின் வளையத்தைக் கழற்றித் துரு இருக்கிறதா என்று பார்ப்பார். புட்டியை வெளிச்சத்தில் பிடித்துச் சாறு தெளிவாக இருக்கிறதா, துண்டுகள் ஒரே அளவா, மேலே விட்ட இடைவெளி சரியா என்று பார்ப்பார். முதல் பரிசுக்கு நீல ரிப்பன், இரண்டாவதற்குச் சிவப்பு. பணமாகப் பார்த்தால் சில டாலர்தான். ஆனால் அந்த நீல ரிப்பனைச் சட்டம் போட்டு மாட்டிவைக்கும் வீடுகள் உண்டு.

அமெரிக்காவில் பிள்ளைகளோடு வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒன்று சொல்வேன். கவுண்டி ஃபேருக்குப் போனால் காலையிலேயே போங்கள். ராட்டினத்தை மாலைக்கு வைத்துக்கொண்டு முதலில் கொட்டகைக்குப் போங்கள். ஆட்டைப் பிடித்து நிற்கும் பிள்ளையிடம் அது என்ன இனம், எப்படி வளர்த்தாய் என்று உங்கள் பிள்ளையைக் கேட்கச் சொல்லுங்கள். தயங்காமல், பெருமையோடு பதில் வரும். தெரிந்தவர் தெரியாதவருக்கு நேரில் காட்டிச் சொல்லித்தருவதற்காகத்தான் வாட்சன் அந்த ஆடுகளை மரத்தடிக்கு ஓட்டிவந்தார்.