பழமை அணிந்த புதுப்பெட்டி

பழைய பொருளொன்று மீண்டும் கைக்கு வரும்போது, அதனோடு அக்காலமும் வந்துவிடும் என்று மனம் எண்ணுகிறது. அவ்வெண்ணம் எவ்வளவு உண்மை என்பதை ஆராய, சென்ற கிறிஸ்து பிறப்புப் பெருவிழாக் காலத்தில் எனக்கு ஒரு வாய்ப்பு அமைந்தது.

பாரீசிலிருந்து விடுமுறைக்கு வந்த என் தம்பி மகன், ஒரு சிறு அட்டைப்பெட்டியை என்னிடம் நீட்டினான். "பெரியப்பா, அப்பா உங்களிடம் கொடுக்கச் சொன்னார்" என்றான். வேறு சொல் ஏதும் அவனிடம் அனுப்பப்படவில்லை. மிஷன் வீதிக்கு அருகிலிருந்த எங்கள் பூர்வீக வீட்டை விற்றுப் பங்கிட்ட நாள் முதல், எனக்கும் தம்பிக்கும் பேச்சு அற்றுப்போயிருந்தது. ஆதலால் அப்பெட்டியை உடனே பிரிக்க எனக்கு மனம் வரவில்லை. மேசைமேல் வைத்து, அதன் மேலட்டையையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது ஒரு வீடியோ விளையாட்டுக் கருவி. 1980களில் உலகெங்கும் சிறுவர்களை ஆட்கொண்ட நின்டெண்டோ கருவியின் வடிவத்தை, உள்ளங்கையில் அடங்கும் அளவிற்குச் சுருக்கி மீண்டும் செய்தது. ஐரோப்பாவில் இது 2016ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் விற்பனைக்கு வந்தது. முதல் உலகப்போர் ஓய்ந்த நினைவு நாள் அது. அந்நாளில் நம் புதுவைக் கடற்கரையிலுள்ள போர் நினைவிடத்தில் மலர் வளையம் வைக்கப்படுவதை நாம் அறிவோம். கருவிகள் குறைந்த எண்ணிக்கையிலேயே கடைக்கு வந்தமையால் மக்கள் வரிசையில் நின்றனர். ஏறத்தாழ 23 இலட்சம் கருவிகள் விற்ற நிலையில், 2017 ஏப்ரலில் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது. 2018இல் மீண்டும் சிறிது காலம் கிடைத்தது. கிடைப்பதற்கு அரிதாக இருந்ததே அதன் மதிப்பை உயர்த்திற்று.

இக்கருவியின் வரலாறு மின்சாரத்தில் தொடங்கவில்லை, காகிதத்தில் தொடங்குகிறது. 16ஆம் நூற்றாண்டில் சப்பானை அடைந்த போர்த்துக்கீசியர் சீட்டு விளையாட்டை அங்கே கொண்டுசென்றனர். அவர்கள் சொன்ன 'கார்த்தா' என்ற சொல் சப்பானியர் வாயில் 'கருதா' ஆயிற்று. நம் 'கடுதாசி'யும் அவர்கள் மொழியிலிருந்து வந்ததே. முத்துக்குளித்துறையில் 1542 முதல் உழைத்த புனித சவேரியார், 1549இல் சப்பானில் கரையிறங்கினார் என்பதையும் இங்கு நினைவுகூரலாம். அக்காலக் கப்பல்கள் மறைபரப்பாளரையும் சுமந்தன, மாலுமிகளின் சீட்டுக்கட்டையும் சுமந்தன. பின்னர் அயல்நாட்டார்க்குச் சப்பான் கதவடைத்தபோது சீட்டும் தடைக்கு உள்ளாயிற்று. மக்களோ எண்களை நீக்கி, பன்னிரு மாதங்களுக்குரிய மலர்களை வரைந்து, 48 சீட்டுகள் கொண்ட மலர்ச்சீட்டை உருவாக்கிக்கொண்டனர். அம்மலர்ச்சீட்டுகளைச் செய்து விற்பதற்காக, 1889இல் கியோட்டோ நகரில் புசாஜிரோ யமாவுச்சி தொடங்கிய கடையே நின்டெண்டோ.

அந்நிறுவனம் 1983 ஜூலை 15 அன்று 'ஃபேமிகாம்' என்னும் வீட்டு விளையாட்டுக் கருவியை 14,800 யென் விலையில் வெளியிட்டது. மசாயுகி உவேமுரா அதனை வடிவமைத்தார். அதன் செயல்நினைவகம் 2 கிலோபைட் மட்டுமே. 1985இல் வெளிவந்து 4 கோடிக்கு மேல் விற்ற 'சூப்பர் மாரியோ' விளையாட்டு முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கிற்று. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படத்திற்கே அதனினும் பன்மடங்கு இடம் வேண்டும். அமெரிக்காவில் 1983இல் விளையாட்டுக் கருவி வாணிபம் சரிந்திருந்தமையால், 1985இல் அங்கே சென்ற கருவிக்கு வீடியோ ரெக்கார்டரைப் போன்ற சாம்பல் நிற உடை அணிவிக்கப்பட்டது. என் மேசைமேல் இருந்தது அவ்வுடையின் சிறு நகல்.

நம் நாட்டில் அக்கருவி 'சாமுராய்' என்னும் பெயரில் விற்கப்பட்டது. ஆயினும் பெரும்பாலான வீடுகளுக்கு வந்தவை உரிமம் பெறாத நகல்களே. எங்கள் வீட்டிற்கு வந்ததும் அத்தகையதே. பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வுபெற்ற எங்கள் சித்தப்பா - புதுவை வழக்கில் 'சொல்தா' - 1993இல் சென்னை பர்மா பஜாரில் அதனை வாங்கிவந்தார். நாங்கள் அதனை 'டிவி கேம்' என்றே அழைத்தோம். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் தெருப்பிள்ளைகள் அனைவரும் எங்கள் கூடத்தில் கூடிவிடுவர். கேசட் ஓடாவிட்டால் அதனை வெளியே எடுத்து, வாயால் ஊதி, மீண்டும் செருகுவோம். ஊதியதால் பயன் விளைந்ததில்லை. எடுத்துச் செருகியதில் உலோக முனைகள் சரியாகப் பொருந்தியதே காரணம். வாயின் ஈரம் அம்முனைகளை அரிக்கவே செய்யும். இதனைப் பின்னாளில்தான் அறிந்தேன்.

அக்கருவிக்கு இரண்டு ஜாய்ஸ்டிக்குகள். மூல ஃபேமிகாமைப் போலவே, இரண்டாவதில் ஆட்டத்தைத் தொடங்கும் பொத்தான் கிடையாது. முதலாவது எப்போதும் மூத்தவனாகிய என்னிடமே இருந்தது. நான் தொடங்கினால்தான் தம்பி ஆட முடியும். நான் நிறுத்தினால் அவனும் நிறுத்தவேண்டும். 'பலூன் ஃபைட்' என்னும் ஆட்டத்தில் இருவரும் ஒருசேரப் பறந்து எதிரிகளை வெல்லலாம். ஒருவர் பலூனை மற்றவர் உடைக்கவும் செய்யலாம். அவன் பலூனை நான் எத்தனை முறை உடைத்தேன் என்பதற்குக் கணக்கில்லை.

கிறிஸ்து பிறப்பு நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வீடு திரும்பியபின், பெட்டியைப் பிரித்தேன். கருவியின் முன்மூடி திறக்கவில்லை. அது வெறும் தோற்றமே. கேசட் செருக இடமில்லை. முப்பது விளையாட்டுகள் உள்ளேயே பதியப்பட்டுள்ளன. மூலக் கருவியைவிடப் பல்லாயிரம் மடங்கு நினைவகம் உடைய சிறு கணினியொன்று, தன்னைப் பழையதாகக் காட்டிக்கொள்கிறது. அக்காலத் தொலைக்காட்சித் திரையின் கோடுகளைச் செயற்கையாக வரைந்து காட்டவும் அதில் வசதி உண்டு. அன்று குறையாக இருந்தது இன்று அணிகலனாயிற்று! ஆனால், துப்பாக்கியால் வாத்துகளைச் சுடும் ஆட்டம் இதில் இல்லை. அத்துப்பாக்கி, பழைய படக்குழாய்த் திரையில் இமைப்பொழுது தோன்றும் ஒளியை உணர்ந்து இயங்கியது; இன்றைய தட்டைத் திரையில் அது குருடாகிவிடும். எல்லாவற்றையும் நகலெடுக்க இயலாது போலும்.

நம் நகரிலேயே இதற்கொத்த நிகழ்ச்சி ஒன்றுண்டு. கடற்கரையில் 19ஆம் நூற்றாண்டு முதல் நின்ற மேரி கட்டடம் 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து வீழ்ந்தது. அதே தோற்றத்தில் மீண்டும் எழுப்பப்பட்டு, 2021இல் திறக்கப்பட்டது. அதனைப் போலி என்று தள்ளுவோர் உளர். நானும் ஒரு காலத்தில் அவ்வாறே பேசினேன். இன்று அங்ஙனம் கூறத் துணியேன். வீழ்ந்த கற்கள் திரும்பவில்லை, உண்மையே. ஆயினும், வீழ்ந்ததை வீழ்ந்தபடி விட்டுவிடலாகாது என்று ஓர் ஊர் எண்ணியதும் வரலாறுதானே? நகல் பழமையை மீட்பதில்லை. மீண்டும் கூடுவதற்கு ஓர் இடத்தை மட்டும் அது தருகிறது. கூடுவதும் கூடாததும் நம் பொறுப்பு.

இக்கருவியோடு ஒரேயொரு ஜாய்ஸ்டிக்தான் வரும். இரண்டாவதைத் தனியே விலைகொடுத்து வாங்கவேண்டும். பெட்டியின் அடியில் அந்த இரண்டாவதும் இருந்தது. தம்பி அதனைத் தேடி வாங்கி உள்ளே வைத்திருந்தான். எடுத்து நோக்கினேன். முதலாவதில் உள்ளதைப் போலவே அதிலும் தொடங்கும் பொத்தான் இருந்தது.

அவன் மகன் முதலாவதைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, "பெரியப்பா, ஆடலாமா?" என்றான். "சற்றுப் பொறு" என்றேன். பாரீசில் அப்போது இரவு ஒன்பது மணியே ஆகியிருக்கும். தொலைபேசியில் தம்பியின் எண்ணை அழுத்தினேன். இம்முறை தொடங்கியவன் அவன், விடையளிக்கவேண்டியவன் நான்.