இருட்டைக் கண்டு உனக்குப் பயமா? – ஒரு சிறுவர் திகில் தொடரின் வரலாறும் 2019 குறுந்தொடரும்

'ஆர் யூ அஃப்ரைட் ஆஃப் தி டார்க்?' என்பது கனடாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் ஒளிபரப்பான சிறுவர் திகில் தொலைக்காட்சித் தொடர் ஆகும். 'இருட்டைக் கண்டு உனக்குப் பயமா?' என்பது இப்பெயரின் பொருள். ஒவ்வொரு வாரமும் புதிய கதை, புதிய பாத்திரங்கள் என அமைந்ததால் இது தொகுப்புத் தொடர் என்னும் வகையைச் சேர்ந்தது. 1990களில் தொடங்கிய இத்தொடர் 2019 ஆம் ஆண்டு மூன்று பகுதிகள் கொண்ட குறுந்தொடராக மீண்டும் வந்தது. சிறுவர்களைப் பயமுறுத்தலாமா, பயமுறுத்தினால் எந்த அளவுக்கு என்ற பழைய கேள்விக்கு இத்தொடர் ஒரு விடையைக் கண்டுபிடித்தது. அந்த விடை என்ன, 2019 குறுந்தொடர் அதை எவ்வாறு மாற்றியது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பின்னணி

சிறுவர்களுக்கான திகில் கதைகள் அமெரிக்காவில் நீண்ட காலம் ஐயத்துடனேயே பார்க்கப்பட்டன. 1950களின் தொடக்கத்தில் திகில் படக்கதை இதழ்கள் பெருமளவில் விற்பனையாயின. அவை சிறுவர்களைக் கெடுக்கின்றன என்று மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்த்தம் 1954 இல் ஒரு நூல் எழுதினார். அதே ஆண்டில் அமெரிக்க செனட் சபையின் துணைக்குழு ஒன்று இது குறித்து விசாரணை நடத்தியது. அரசு சட்டம் கொண்டுவருவதற்கு முன்பே பதிப்பாளர்கள் தாங்களாகவே ஒரு கட்டுப்பாட்டு விதித்தொகுப்பை ஏற்படுத்திக் கொண்டனர். இதழின் பெயரில் திகிலைக் குறிக்கும் சொற்கள் இடம்பெறக் கூடாது என்பதும் அவ்விதிகளுள் ஒன்று.

ஆனால் சிறுவர்களுக்குப் பேய்க்கதைகள் மீதிருந்த விருப்பம் குறையவில்லை. ஆல்வின் சுவார்ட்சு நாட்டார் கதைகளிலிருந்து திரட்டி எழுதிய திகில் கதைத் தொகுதியின் முதல் நூல் 1981 இல் வெளிவந்தது. சிறுவர்கள் அதை விரும்பிப் படித்தனர். பெற்றோர் பலர் அதை நூலகங்களிலிருந்து நீக்கக் கோரினர். அமெரிக்க நூலகச் சங்கம் வெளியிட்ட பட்டியலின்படி, 1990களில் மிக அதிகமான எதிர்ப்பைச் சந்தித்தவை இந்நூல்களே. ஆர். எல். ஸ்டைன் எழுதிய 'கூஸ்பம்ப்ஸ்' நூல்வரிசை தொடங்கியது 1992 இல். எனவே இத்தொடர் வெளிவந்த காலத்தில் சிறுவர்களின் ஆர்வமும் பெரியவர்களின் எதிர்ப்பும் ஒருசேர வளர்ந்துகொண்டிருந்தன எனலாம்.

தோற்றம்

இத்தொடரை உருவாக்கியவர்கள் டி. ஜே. மெக்ஹேல், நெட் கேண்டல் ஆகிய இருவர். இவர்களுள் மெக்ஹேல் பின்னாளில் சிறுவர் நாவலாசிரியராகவும் புகழ்பெற்றார். முன்னோட்டப் பகுதி 1990 அக்டோபர் 31 அன்று, அதாவது ஹாலோவீன் நாளில், கனடாவின் ஒய்டிவி அலைவரிசையில் ஒளிபரப்பானது. ஹாலோவீன் என்பது சிறுவர்கள் பேய், சூனியக்காரி போன்ற வேடங்களிட்டு வீடுவீடாகச் சென்று இனிப்புப் பெறும் நாள். பேய்க்கதை சொல்வதற்கு மேற்கத்திய நாடுகளில் அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை.

அமெரிக்காவின் நிக்கலோடியன் அலைவரிசையில் 1992 ஆகஸ்ட் 15 முதல் தொடர் முறையாக ஒளிபரப்பானது. அன்றுதான் அந்நிறுவனம் சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கான சனிக்கிழமை இரவு நிகழ்ச்சி வரிசையையும் தொடங்கியது. அவ்வரிசையில் கடைசியாக, இரவு ஒன்பதரை மணிக்கு இத்தொடர் வந்தது. அது முடிந்ததும் பிள்ளைகள் படுக்கைக்குச் செல்ல வேண்டிய நேரம். படப்பிடிப்பு கனடாவின் கியூபெக் மாகாணத்தில் மாண்ட்ரியல் நகரையொட்டி நடைபெற்றது. முதற்கட்டத் தொடர் 1996 வரையிலும், இரண்டாம் கட்டம் 1999 முதல் 2000 வரையிலும் வெளிவந்தன. இவ்விரு கட்டங்களிலும் மொத்தம் 91 பகுதிகள் ஒளிபரப்பாயின.

நெருப்பைச் சுற்றிய வட்டம்

ஒவ்வொரு பகுதியும் ஒரே விதமாகத் தொடங்கும். காட்டின் நடுவே, இரவில், சில சிறுவர் சிறுமியர் நெருப்பைச் சுற்றி அமர்ந்திருப்பார்கள். அவர்கள் தங்களை 'நள்ளிரவுச் சங்கம்' என்று அழைத்துக்கொள்பவர்கள். வாரம் ஒருவர் கதை சொல்ல வேண்டும். கதை சொல்பவர் முதலில் சங்கத்தின் ஒப்புதலுக்காகத் தம் கதையை முன்வைப்பதாக அறிவிப்பார். பிறகு ஒரு பையிலிருந்து சிறிது பொடியை அள்ளி நெருப்பில் போடுவார். தீ குப்பென்று எழும்பும். கதையின் பெயர் சொல்லப்படும். அதன் பின்னரே கதைக்குள் காட்சி நகரும். கதை முடிந்ததும் மீண்டும் அந்த வட்டத்திற்கே வருவோம். கூட்டம் முடிந்ததாக அறிவித்து ஒரு வாளித் தண்ணீரை நெருப்பின் மேல் ஊற்றிவிட்டுப் பிள்ளைகள் வீட்டுக்குக் கிளம்புவார்கள்.

கதைக்குள் கதை என்னும் இந்த முறை புதியதன்று. விக்கிரமாதித்தனின் தோளில் தொங்கியபடி வேதாளம் சொல்லும் கதைகளும் இவ்வாறு அமைந்தவையே. ஆனால் இத்தொடரில் இம்முறை ஒரு தனிப் பணியைச் செய்கிறது. கதையைச் சொல்பவர் பார்வையாளரைப் போன்ற ஒரு சிறுவர். கேட்பவர்களும் சிறுவர்கள். அவர்கள் நடுவில் குறுக்கிட்டுக் கேள்வி கேட்பார்கள், கிண்டல் செய்வார்கள். எவ்வளவு பயங்கரமான பேய் வந்தாலும் அது ஒரு தோழன் சொல்லும் கதை என்பது மறப்பதில்லை. பொடி போட்டால் பயம் தொடங்கும், தண்ணீர் ஊற்றினால் முடியும். இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் எவ்வளவு பயந்தாலும் ஆபத்தில்லை என்பதே தொடர் பிள்ளைகளுடன் செய்துகொண்ட உடன்பாடு.

1992 இல் ஒளிபரப்பான 'மாயவாடகைக் கார்' என்ற பகுதியில் ஃபிராங்க் என்னும் புதியவன் சங்கத்தில் சேர வருகிறான். கண்ணைக் கட்டி அழைத்து வரப்படுகிறான். நல்ல கதை ஒன்று சொன்னால்தான் அவனுக்கு இடம். அவன் சொல்லும் கதையில் அண்ணன் தம்பி இருவர் காட்டில் வழி தவறி, டாக்டர் விங்க் என்ற விசித்திர மனிதரின் குடிசையை அடைகின்றனர். அவர் விடுகதை போடுகிறார்: எடையே இல்லாதது, கண்ணுக்குத் தெரிவது, பீப்பாயில் இட்டால் பீப்பாயின் எடை குறையும், அது என்ன? விடை: ஓட்டை. வேதாளத்தின் கேள்வியைப் போலவே இங்கும் தப்பிக்கும் வழி உடல் வலிமையில் இல்லை, யோசிப்பதில் இருக்கிறது.

பயத்திற்கு ஒரு வாசல்

மெக்ஹேல் பல பழைய திகில் படைப்புகளைச் சிறுவர்களுக்கேற்ப மாற்றியமைத்தார். முன்னோட்டப் பகுதியான 'முறுக்கிய நகம்', ஆங்கில எழுத்தாளர் டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902 இல் வெளியிட்ட 'குரங்கின் பாதம்' என்ற சிறுகதையைத் தழுவியது. மூன்று வரங்கள் கேட்கலாம், ஆனால் ஒவ்வொரு வரமும் கேட்டவரையே வதைக்கும் என்பது கதையின் கரு. ஜேக்கப்சின் கதையில் பெற்றோர் தம் மகனை இழக்கின்றனர், அந்த இழப்பு தீர்வதில்லை. தொலைக்காட்சிக் கதையில் சிறுவர்கள் தம் தவற்றை உணர்ந்ததும் நேர்ந்த கேடு விலகுகிறது. மற்றொரு பகுதியில் 1922 ஆம் ஆண்டின் ஊமைப்படமான 'நோஸ்ஃபெராட்டு'வின் இரத்தக்காட்டேரி திரையரங்கத் திரையிலிருந்து வெளியே வருகிறது.

'இருளில் சிரிப்பு' என்ற பகுதி இன்றும் நினைவுகூரப்படுகிறது. ஜோஷ் என்ற சிறுவன் வீம்புக்காகக் கேளிக்கைப் பூங்கா ஒன்றின் இருட்டு வீட்டுக்குள் நுழைந்து, அங்கிருந்த கோமாளிப் பொம்மையின் சிவப்பு மூக்கைத் திருடிவருகிறான். அன்றிரவு முதல் அக்கோமாளியின் ஆவி அவனைத் துரத்துகிறது. எடுத்த மூக்கைக் கொண்டுபோய் வைத்த பின்பே அவனுக்கு நிம்மதி கிடைக்கிறது. இத்தொடரின் கதைகள் பலவற்றில் இதே அமைப்பைக் காணலாம். ஒரு தவறு அல்லது ஒரு துயரம் பேயை அழைத்து வருகிறது. தவற்றைத் திருத்தினால், அல்லது துயரத்தைக் கேட்டறிந்தால், பேய் போய்விடுகிறது. 'தனிமைப் பேய்' என்ற கதையில் பேயாக வரும் சிறுமிக்கு வேண்டியிருந்தது பழிவாங்குதல் அன்று, தன் தாய்.

எல்லாக் கதைகளும் இவ்வாறு சுபமாக முடிந்தன என்று சொல்ல முடியாது. சில பகுதிகள் கடைசி நொடியில் மீண்டும் ஒரு திடுக்கிடலைத் தந்து முடிந்தன. ஆனால் அவற்றுக்குப் பிறகும் வாளித் தண்ணீர் இருந்தது.

2019 குறுந்தொடர்

2017 இல் இத்தொடரைத் திரைப்படமாக எடுக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக நிக்கலோடியன் மூன்று பகுதிகள் கொண்ட குறுந்தொடர் ஒன்றை வெளியிட்டது. 2019 அக்டோபர் 11, 18, 25 ஆகிய மூன்று வெள்ளிக்கிழமைகளில் அது ஒளிபரப்பானது. பென்டேவிட் கிராபின்ஸ்கி எழுத, டீன் இஸ்ரேலைட் இயக்கினார்.

கதையின் நாயகி ரேச்சல் (லிலியானா ரே) ஊருக்கும் பள்ளிக்கும் புதியவள். திகில் படங்களில் ஆர்வமுள்ளவள், நன்றாக வரைபவள். அவளுடைய கெட்ட கனவுகளில் நெடுந்தொப்பி அணிந்த ஒருவன் அடிக்கடி வருகிறான். அவன்தான் மிஸ்டர் டாப்ஹாட் (ரஃபேல் கசால்). பள்ளியில் நண்பர்கள் யாருமின்றித் தவிக்கும் அவளை நள்ளிரவுச் சங்கம் அழைக்கிறது. ஃபிராங்கைப் போலவே அவளும் ஒரு கதை சொல்லித் தன் தகுதியை நிலைநாட்ட வேண்டும். ஊர் ஊராகச் செல்லும் ஒரு பொருட்காட்சி பற்றியும் அதை நடத்தும் டாப்ஹாட் பற்றியும் அவள் தன் கனவிலிருந்து கதை புனைந்து சொல்கிறாள். கதை நன்றாக அமைகிறது, நண்பர்கள் கிடைக்கிறார்கள். ஆனால் அவள் சொன்ன அதே பொருட்காட்சி, அதே பெயருடன், உண்மையாகவே ஊருக்குள் வந்து இறங்குகிறது. ஊரில் ஏற்கெனவே ஒரு சிறுவனைக் காணவில்லை. முடிவைப் பார்ப்பவர்களுக்கே விட்டுவிடலாம்.

மதிப்பீடு

குறுந்தொடரின் சிறப்புகள் பல. ஐந்து பிள்ளைகளும் தனித்தனி இயல்பு உடையவர்களாகப் படைக்கப்பட்டுள்ளனர். பழைய தொடரில் சங்க உறுப்பினர்கள் சில நிமிடங்களே தோன்றுவார்கள், அவர்களுடைய வீடும் பள்ளியும் அரிதாகவே காட்டப்பட்டன. இங்கே அவர்களே கதையின் மையம். டாப்ஹாட்டாக நடித்த கசால், இனிமையாகப் பேசியபடியே அச்சமூட்டுகிறார். ராட்டினங்களும் வண்ண விளக்குகளும் கொண்ட பொருட்காட்சி, சிறுவர்களை ஈர்க்கும் இடமே அவர்களுக்குப் பொறியாகலாம் என்பதைச் சொற்களின்றி உணர்த்துகிறது. புதிய பள்ளியில் மதிய உணவு வேளையில் யாருடன் உட்காருவது என்ற ரேச்சலின் அச்சம், பேயைக் கண்ட அச்சத்திற்குச் சற்றும் குறையாமல் காட்டப்படுகிறது.

இழப்புகளும் உண்டு. பழைய தொடர் வாரம் ஒரு கதை தந்தது. ஒரு கதை பிடிக்காவிட்டால் அடுத்த வாரம் வேறொன்று வரும். 2019 குறுந்தொடரும், அதைத் தொடர்ந்து 2021, 2022 ஆம் ஆண்டுகளில் வெளிவந்த பருவங்களும் பருவத்திற்கு ஒரே கதையைக் கொண்டவை. 2021 பருவத்தில் கடலோர ஊர் ஒன்றின் நிழல் மனிதனும், 2022 பருவத்தில் தீவு ஒன்றின் விடுதியும் கதைக்களம். பருவந்தோறும் கதையும் பாத்திரங்களும் மாறுவதால் இவற்றையும் தொகுப்பு என்றே வகைப்படுத்துகின்றனர். ஆயினும் பழைய தொடரின் பலவகைச் சுவை இவற்றில் இல்லை.

இதைவிடப் பெரிய மாற்றம் நெருப்பைச் சுற்றிய வட்டத்தில் நேர்ந்தது. சொல்லப்பட்ட கதை வட்டத்தைத் தாண்டி ஊருக்குள் வந்துவிட்டது. தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாத பயம் இது. எல்லையைத் தாண்டியது இதுவே முதன்முறை அன்று. 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த 'வெள்ளிப் பார்வை' என்ற மூன்று பகுதிக் கதையிலும் சங்க உறுப்பினர்களே கதைக்குள் இழுக்கப்பட்டனர். ஆனால் அங்கே அது விதிவிலக்கு. 2019 முதல் அதுவே விதியானது.

இதனால் பழைய உடன்பாடு முறிந்துவிட்டதா என்றால், முழுவதும் முறியவில்லை எனலாம். பழைய தொடர், பயத்தை ஒரு வட்டத்திற்குள் வைத்து ஆராயலாம் என்று கற்றுத்தந்தது. புதிய குறுந்தொடர், கதை சொன்னவருக்கு அந்தக் கதையின் மீது பொறுப்பு உண்டு என்கிறது. ரேச்சல் தன் கனவைத் தனக்குள்ளேயே வைத்திருந்தபோது தனியாகப் பயந்தாள். சொன்ன பிறகு பயம் பெரிதானது, ஆனால் அதை எதிர்க்க நால்வர் உடனிருந்தனர். வட்டம் காட்டை விட்டு வெளியே வந்தாலும் கலையவில்லை.

முதல்முறை பார்க்கும் சிறுவர்களுக்குப் பழைய பகுதிகளே ஏற்ற தொடக்கம். அவை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும், முடிந்தது என்றும் தெளிவாகச் சொல்லும். 2019 குறுந்தொடர் சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு உரியது. ஒரு வார இடைவெளியைப் பயத்துடனேயே கடக்க வேண்டியிருந்த அன்றைய பார்வையாளர்களைப் போலன்றி, இன்று மூன்று பகுதிகளையும் ஒரே மாலையில் பார்த்துவிடலாம். பார்த்து முடித்ததும் பெரியவர் ஒருவர் உடனிருந்து அதைப் பற்றிப் பேசுவது நல்லது. பழைய தொடரில் அந்த வாளித் தண்ணீர் செய்த வேலையை இங்கே அந்தப் பேச்சு செய்யும்.