அசோகரும் கௌடில்யரும்: பள்ளி வகுப்பில் சான்றின் எடை

மைசூரின் மண்டி மொஹல்லாப் பகுதியில் அசோகா சாலை செல்கிறது. அங்கே உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் மாணவருக்கு, அசோகர் மௌரியப் பேரரசர் என்பதும், அர்த்தசாஸ்திரத்தை இயற்றியவர் சந்திரகுப்தரின் அமைச்சர் சாணக்கியர் எனப்படும் கௌடில்யர் என்பதும் சம உறுதி கொண்ட இரு செய்திகள். தேர்விலும் இரண்டுக்கும் ஒரே மதிப்பெண்தான். ஆய்வுலகில் நிலைமை வேறு. முன்னது நிலைபெற்ற முடிவு. பின்னது நூறாண்டாகத் தீராத வழக்கு. இவ்வேறுபாட்டை மாணவரே கண்டறியச் செய்வதுதான் அறிவைப் பற்றிய கல்வியின் தொடக்கமாக இருக்க வேண்டும்.

‘எதையும் கேள்வி கேள்’ என்ற பொது அறிவுரை இந்த வேலையைச் செய்யாது. அளவின்றி ஐயுறக் கற்ற மாணவர், மருத்துவ ஆய்வின் முடிவையும் வாட்ஸ்அப்பில் வந்த வதந்தியையும் ஒன்றுபோலவே தள்ளிவிடுவார். அது நம்பிக்கையைப் போலவே சோம்பலானது. பன்னாட்டுப் பாடத்திட்டமான ஐ.பி. பட்டயப் படிப்பில் ‘அறிவுக் கோட்பாடு’ கட்டாயப் பாடம். அரசுப் பாடத்திட்டப் பள்ளிகள் அதை இறக்குமதி செய்யத் தேவையில்லை. கையிலிருக்கும் வரலாற்றுப் பாடமே போதும்.

அசோகரை எடுத்துக்கொள்வோம். 1837-38இல் ஜேம்ஸ் பிரின்செப் கல்வெட்டுகளின் பிராமி எழுத்தைப் படித்தபோது அவருக்குக் கிடைத்த பெயர் ‘பியதசி’. அப்பெயருடையவர் இலங்கை மன்னன் தேவானம்பிய தீசனாக இருக்கலாம் என்று பிரின்செப் முதலில் கருதினார். இலங்கையில் பணிபுரிந்த ஜார்ஜ் டர்னர், பாலி வரலாற்று நூல்களைக் கொண்டு, பியதசி என்பது அசோகரையே குறிக்கும் என்று காட்டினார். ஆயினும் அது நூல்வழி ஊகம். 1915இல் இன்றைய ராய்ச்சூர் மாவட்டத்து மஸ்கியில் கிடைத்த பாறைக் கல்வெட்டு ‘அசோக’ என்ற பெயரையே தாங்கி வந்தது. பின்னர் பெல்லாரிப் பகுதியின் நிட்டூர், உடேகோளம் கல்வெட்டுகளும் அதை உறுதி செய்தன. மஸ்கிப் பாறையைச் செதுக்கியவர் பாலி நூலைப் பார்த்து எழுதவில்லை. நூலை எழுதியவரும் மஸ்கியைக் கண்டவரல்லர். ஒன்றையொன்று அறியாத இரு சாட்சிகள் ஒரே சொல்லைச் சொல்லும்போது முடிவு வலுப்பெறுகிறது. இதைப் புரிந்துகொள்ளப் பதினைந்து வயது போதும்.

அர்த்தசாஸ்திரமோ மைசூருக்கே உரிய கதை. தஞ்சாவூர்ப் பகுதிப் பண்டிதர் ஒருவர் அளித்த கிரந்த எழுத்து ஓலைச்சுவடி, 1891இல் தொடங்கப்பெற்ற மைசூர் கீழ்த்திசை நூலகத்துக்கு வந்தது. ஆர். சாமசாஸ்திரி அதன் அருமையை உணர்ந்து 1909இல் மூலத்தையும் 1915இல் முழு ஆங்கில மொழிபெயர்ப்பையும் பதிப்பித்தார். நூலின் இறுதிச் செய்யுட்கள் ஆசிரியரை நந்தர்களிடமிருந்து நிலத்தை மீட்டவராகக் காட்டுகின்றன; மரபு சாணக்கியருக்குத் தரும் விஷ்ணுகுப்தர் என்ற பெயரும் வருகிறது. மரபுக்கு இது சான்று. எனினும் நூலுக்குள் சந்திரகுப்தரும் இல்லை, அவர் தலைநகர் பாடலிபுத்திரமும் இல்லை. சந்திரகுப்தரின் அவைக்கு வந்த கிரேக்கத் தூதர் மெகஸ்தனிஸின் எஞ்சியுள்ள குறிப்புகளில் கௌடில்யர் பெயர் இல்லை. 1971இல் தாமஸ் டிரவுட்மன், நடையில் அனிச்சையாக வந்து விழும் இடைச்சொற்களை எண்ணி, நூல் பலர் கைப்பட்டது என்றார். பேட்ரிக் ஒலிவெல் அதன் மூலவடிவத்தைப் பொது ஆண்டுத் தொடக்கத்தை ஒட்டி வைக்கிறார், ஆர்.பி. காங்களே மரபுவழிக் காலத்தையே ஏற்றார். இறுதிச் செய்யுட்கள் பின்னர் சேர்க்கப்பட்டிருக்கலாம். பெயர்கள் இல்லாமை மட்டும் மறுப்பாகிவிடாது. இரு பக்கமும் தளர்வு உண்டு.

என்சிஇஆர்டியின் பன்னிரண்டாம் வகுப்பு நூல் இதில் நேர்மையானது: நூலின் சில பகுதிகளைக் கௌடில்யர் இயற்றியிருக்கக்கூடும் என்றே சொல்கிறது, கல்வெட்டுச் சான்றின் வரம்புகளுக்குத் தனிப் பகுதியும் ஒதுக்குகிறது. ‘இருக்கக்கூடும்’ என்பது ஒரு மதிப்பெண் வினாவில் இடம்பிடிக்காது என்பதுதான் சிக்கல்.

இத்தகைய பயிற்சி நமக்குப் புதிதன்று. மணிமேகலை, அறிவைப் பெறும் வழிகளான அளவைகள் பத்தை வரிசைப்படுத்துகிறது. சிவஞான சித்தியார் காண்டல், கருதல், உரை என்று அவற்றை மூன்றில் அடக்குகிறது. வரலாற்றில் மாணவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் உரை, அதாவது பிறர் சொல், மட்டுமே. யார் உரைத்தார், எப்போது, உரைத்தவருக்கு அதை அறிய வழி இருந்ததா என்று கேட்பதே அங்கே முழு வேலையும்.

பாடத்தை முடிக்கவே நேரமில்லை என்பார்கள் ஆசிரியர்கள். உண்மைதான், ஆனால் மேற்சொன்ன இரு வழக்குகளுக்கும் இரண்டு பாடவேளை போதும். சாணக்கியர் மீது பற்றுள்ள வீடுகளிலிருந்து எதிர்ப்பு வரக்கூடும் என்ற அச்சம் இன்னும் கனமானது. ஆசிரியர் யாரென்ற ஐயம் நூலின் பெருமையைக் குறைப்பதில்லை என்பதை வகுப்பில் வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது.

கடினமான பகுதி விடைத்தாளில் இருக்கிறது. ‘அர்த்தசாஸ்திரத்தை எழுதியவர் யார்?’ என்பதற்குப் பதிலாக, ‘சாணக்கியர் எழுதினார் என்பதற்கு ஆதரவாக ஒன்றும் எதிராக ஒன்றும் சான்று தருக, எது வலியது, ஏன்?’ என்று கேட்டால் நான்கு மதிப்பெண் தேவைப்படும். இரு பக்கச் சான்றுகளுக்கும் இரண்டு, காரணத்துக்கு இரண்டு. எந்த முடிவுக்கு வந்தாலும் மதிப்பெண் குறையாது. அசோகரைப் பற்றி இதே வடிவில் கேட்கும்போது, ‘உறுதியாகச் சொல்ல இயலாது’ என்று எழுதி, மஸ்கியைக் குறிப்பிடாமல் விட்டவருக்குக் காரணத்துக்குரிய இரண்டும் கிடைக்காது.