யாரைப் பற்றி யார் பேசுவது?

ஒரு கூட்டத்தாரின் நன்மை தீமைகளை அவர்களைத் தவிர மற்றெல்லோரும் பேசுவது உலகத்தில் புதிய விஷயமல்ல. தோட்டத் தொழிலாளியின் கூலியைத் துரைமார் பேசினர். பெண்ணின் கடமையை ஆண்கள் பேசினர். அவ்வாறே தன்பாலை நேசிக்கும் மனிதரைப் பற்றி மதவாதியும், வைத்தியரும், போலீசாரும் பேசினர். பேசப்பட்டவர் மட்டும் வாய்திறக்கவில்லை.

இவ்வழக்கத்தை வானொலியில் எதிர்த்து நின்றவர் நியூயார்க்கின் ராண்டி விக்கர். 1962-ல் அந்நகரின் டபிள்யூ.பி.ஏ.ஐ. நிலையம், மனநோய் வைத்தியர்களைக் கொண்டு இதை நோயென்று பேசச்செய்தது. 24 வயது வாலிபரான விக்கர் நேரே நிலையத்துக்குச் சென்று, தங்களுக்கும் நேரம் தரவேண்டுமென்று வாதாடினார். அவ்வாண்டு ஜூலையில் அவரும் தோழர்களும் தங்கள் உத்தியோகக் கஷ்டத்தையும் போலீஸ் தொல்லையையும் தாங்களே எடுத்துரைத்தனர். பத்திரிகையில் வசை எழுந்தது. அரசாங்கத்துக்குப் புகார் போயிற்று. ஆயினும் 1964-ல் ஒலிபரப்பு ஆணையம் அந்த ஸ்தாபனத்தின் உரிமங்களைப் புதுப்பித்தே கொடுத்தது.

விக்கர் என்பது அவர் பிறந்த பெயரன்று. குடும்பப் பெயரை இதில் இழுக்கவேண்டாமென்று தகப்பனார் கேட்டதால் சூட்டிக்கொண்ட பெயர். குடும்ப மானம் என்னும் பூட்டு நம் வீடுகளில் மட்டும் தொங்குவதன்று!

கோலாலம்பூரில் இக்குரலுக்கு வழிசெய்தது வானொலியன்று, தொலைபேசி. எய்ட்ஸ் பீதி பரவிய 1987-ல் பிங்க் ட்ரையாங்கிள் என்னும் சங்கம் தோன்றித் தொலைபேசி வழியே ஆலோசனை கூறலாயிற்று. நாஜிகள் சிறைமுகாம்களில் இத்தகையோர் உடையில் தைத்த இளஞ்சிவப்பு முக்கோணமே அதன் பெயர். பிரிக்பீல்ட்ஸில் இருப்பவரும் கிள்ளானில் இருப்பவரும் முகங்காட்டாமல் மனந்திறக்க அங்கே இடமிருந்தது.

முகங்காட்டிப் பேச முயன்றபோது நடந்ததென்ன? 2008 முதல் நடந்துவந்த செக்சுவாலிட்டி மெர்டேக்கா விழாவை 2011-ல் வழக்கறிஞர் அம்பிகா சீனிவாசன் திறந்துவைக்கவிருந்தார், போலீசார் தடைவிதித்தனர். வெள்ளைக்காரர் 1860-ல் இந்தியாவுக்கு இயற்றிய 377-வது பிரிவின் வழிவந்த சட்டம் மலேசியாவில் இன்றும் 20 ஆண்டுவரை சிறையும் பிரம்படியும் விதிக்கிறது. அந்த மூலப்பிரிவையோ, வயதுவந்தோர் மனமொத்த உறவைப் பொறுத்தவரை, இந்திய உச்சநீதிமன்றம் 2018 செப்டம்பர் 6-ல் செல்லாதாக்கிவிட்டது. வெள்ளையன் போனான்; அவன் பிரம்பை மட்டும் நாம் பத்திரப்படுத்துவானேன்?

சட்டம் மாறுவது சட்டசபையின் வேலை. ஆனால், நம் வீட்டுப் பிள்ளை வாய்திறந்தால் அதைக் கேட்கும் செவி நமக்குண்டா? இதற்கு விடைசொல்ல எந்தச் சட்டசபையும் வேண்டியதில்லை.