பரங்கிமலையின் இரு படிகள்

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்சார இரயில் கிண்டியைக் கடந்து பரங்கிமலையில் நிற்கிறது. இறங்குவோரில் மலையை நிமிர்ந்து பார்ப்போர் சிலரே. கைக்கடிகாரத்தைப் பார்ப்போரே பலர். அவர்களுள் நாமும் ஒருவராக இருந்திருக்கிறோம். ஆயினும், இந்நிலையத்தின் வரலாறு சற்றே நின்று சிந்திக்கத்தக்கது.

போர்த்துக்கீசியரைப் பரங்கியர் என்றழைத்த நம் முன்னோர், அவர்கள் போற்றிய குன்றைப் பரங்கிமலை என்றனர். திருத்தூதர் தோமா இக்குன்றில் மறைசாட்சியாக உயிர் துறந்தார் என்பது வழிவழியாக வரும் மரபு. 1523-இல் போர்த்துக்கீசியர் உச்சியில் ஆலயம் எழுப்பினர். பதினெட்டாம் நூற்றாண்டில் பெட்ரஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு, அடிவாரத்திலிருந்து உச்சி வரை கற்படிகள் அமைத்தார். கரடுமுரடான ஏற்றம் யாவருக்கும் உரிய வழியாயிற்று.

குன்றினருகே செல்லும் இருப்புப்பாதையிலும் இதற்கு இணையான மாற்றம் ஒன்று நிகழ்ந்தது. 1931-இல் தென்னிந்திய இரயில்வே, கடற்கரை முதல் தாம்பரம் வரையிலான சுமார் 29 கிலோமீட்டர் மீட்டர் பாதையில் மின்சார இரயிலை ஓடவிட்டது. 1,500 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடிய வண்டிகள், 1960-களில் 25,000 வோல்ட் மாறுமின்சாரத்திற்கு மாறின. நகரில் வாடகை கொடுக்க இயலாத எழுத்தரும் தொழிலாளரும் புறநகரில் குடியிருந்து, மாதச் சீசன் டிக்கெட்டுடன் நாள்தோறும் வேலைக்குச் சென்று திரும்ப வழி பிறந்தது. 2004-இல் மீட்டர் பாதை வண்டிகள் ஓய்வு பெற, அகலப் பாதை வண்டிகளே எஞ்சின. 2016-இல் மெட்ரோ இரயிலும் பரங்கிமலையை வந்தடைந்தது.

வளர்ச்சியை மட்டும் எண்ணி மகிழ்ந்துவிட முடியுமா? 2018 ஜூலை 24 காலை, மின்கம்பிப் பழுதால் புறநகர் வண்டியொன்று விரைவு வண்டிகளுக்குரிய பாதையில் திருப்பிவிடப்பட்டது. நெரிசலால் படியில் தொங்கி வந்தோர், இந்நிலையத்தில் அப்பாதையை ஒட்டியிருந்த தடுப்புச் சுவரில் மோதி விழுந்தனர். மாண்டோரும் உளர், படுகாயமுற்றோரும் உளர். அன்று மாலை எத்தனை இல்லங்களில் சோறு ஆறிப்போயிருக்கும்!

மலையிலும் படி, வண்டியிலும் படி. முன்னது எவரும் அடிவாரத்தில் நின்றுவிடலாகாது என்று ஒருவர் அமைத்தது. பின்னதோ, உள்ளே இடமில்லாதோர் உயிரைப் பணயம் வைத்து நிற்கும் இடமாகிவிட்டது. படியில் தொங்குவது இளமையின் துடுக்கு என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால், தாமதமானால் அரைநாள் கூலியை இழப்பவன் அடுத்த வண்டிக்குக் காத்திருக்க முடியுமா?

காயங்களைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்றவர் தோமா. அவர் பெயரால் விளங்கும் மலையடியில் உள்ள நிலையத்தின் பெருமையை, வோல்ட்டுகளையும் வழித்தடங்களையும் கொண்டு மட்டும் நாம் அளக்கலாகாது. அங்கு ஏற்பட்ட காயங்களையும் தொட்டுணர வேண்டும். கூடுதல் வண்டிகளும் பாதுகாப்பான பாதையும் கேட்பது குடிமக்களாகிய நம் கடமை. அவை வரும்வரை நம்மால் இயன்றது ஒன்றுண்டு: வாசலில் ஒருவர் தொற்றி ஏறும்போது, உள்ளே ஓரடி தள்ளி நின்று அவருக்கு இடமளிப்போம்.